நூறு கெஜத்தில் ஒரு முகம்

11 அக்டோபர் 1953, ஞாயிறு

இந்த நோட்டில் ஓட்டத்தைத் தவிர வேறு எதையும் எழுதுவதில்லை என்று முதல் பக்கத்திலேயே எழுதி வைக்கிறேன். பொன்மலை ரயில்வே பட்டறையில் நான் டர்னர். ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்காக்கி, அதில் இரண்டு பங்கு பிசகினால் சாமானைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு கடைகிறவன். எழுத்திலும் அந்த ஒழுங்கு இருக்க வேண்டும்.

விஷயம் இதுதான். ஜனவரியில் சென்னையில் மாகாணப் போட்டி. நூறு கெஜ ஓட்டத்தில் முதல் இரண்டு பேரை அகில இந்தியப் போட்டிக்கு அனுப்புவார்கள். போன வருஷம் நான் நாலாவது, நேரம் 10.7. எனக்கு இருபத்தேழு முடிந்துவிட்டது. நூறு கெஜத்தைச் சரியாகப் பத்து விநாடியில் ஓடுவதற்கு ஓட்டக்காரர்கள் ‘ஈவன் டைம்’ என்று பேர் வைத்திருக்கிறார்கள். அதை ஒரே ஒரு தடவை, மூன்று வாட்சுகள் சாட்சியாக ஓடிவிட்டால் போதும். அதற்கப்புறம் இந்தக் கால்கள் சைக்கிள் மிதித்துக்கொண்டு கிடக்கட்டும்.

என்னோடு லேத்தில் நிற்கும் செபஸ்தியான் உதவிக்கு வருகிறான். அவன் அப்பா ரயில்வே கார்டாக இருந்தவர், விளையாட்டுப் போட்டிகளில் நேரம் பிடிக்கிறவர். போன வருஷம் தவறிப்போனார். அவருடைய ஸ்டாப் வாட்ச் விநாடியைப் பத்தாகப் பிரித்துக் காட்டும். அதை வெளியாள் கையில் கொடுப்பதில்லை என்று அந்த வீட்டில் சட்டம். ஆகவே வாட்சோடு அவன் தங்கை பிரகாசியும் வருகிறாள். ஜங்ஷன் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்க்கிற பெண்.

ஒரு முனையில் நான் குழி தோண்டிக் கால் வைத்துக் குனிந்திருப்பேன். என் பின்னால் செபஸ்தியான் இரண்டு பலகைகளைத் தலைக்கு மேல் தூக்கிப் படாரென்று தட்டுவான். அதுதான் எங்கள் துப்பாக்கி. மறுமுனையில் வாட்சும் பிரகாசியும்.

நேரம்: 10.6.

14 அக்டோபர்

கொத்தனார் கரண்டி ஒன்று கடன் வாங்கினேன். முன்கால் குழி கோட்டிலிருந்து பதினைந்து அங்குலம், பின்கால் குழி முப்பத்திரண்டு. அடியில் ஆணி வைத்த ஸ்பைக் ஷூவுக்கு விளக்கெண்ணெய் போட்டேன். பனியன் துவைத்தேன்.

இரண்டு ஓட்டம். முடிந்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது பிரகாசி சொன்னாள்: “வலது கால் ஒவ்வொரு தடவையும் சத்தமா விழுது. எடது கால் மெதுவா விழுது. ஏன்?”

பத்து வருஷமாக ஓடுகிறேன். இப்படி ஒரு குற்றத்தை யாரும் என் மேல் சாட்டியதில்லை. இருந்தாலும் யோசித்துப் பார்த்தேன். வலது முழங்காலைக் குறைவாகத்தான் தூக்குகிறேன்.

முடிவுக் கோட்டில் கட்டும் கம்பளி நூலின் ஒரு நுனியை அவள் கம்பத்தில் கட்டாமல் இடது கையில் பிடித்துக்கொள்கிறாள். “நூல் கைய விட்டுப் போறது தெரியும்ல, தப்பு வராது” என்கிறாள். பலகைகளுக்கு வெள்ளை அடிக்கவும் சொல்லியிருக்கிறாளாம். செபஸ்தியான் சுண்ணாம்பு தேடிக்கொண்டிருக்கிறான்.

நேரம்: 10.6, 10.6.

19 அக்டோபர்

மழை. ஓட்டம் இல்லை.

27 அக்டோபர்

ஓட்டம் அல்லாதது. ஆனாலும் எழுதுகிறேன், எழுதினால்தான் ஆறும்.

சாயங்காலம் ஜங்ஷன் போயிருந்தேன். மூன்றாம் பிளாட்பாரத்தில் பிரகாசி நிற்கிறாள்; நான் இரண்டாவதில். நடுவே தண்டவாளம் மட்டும், இருபது கெஜந்தான் இருக்கும். கை காட்டினேன். நேராக என் முகத்தைப் பார்த்தாள். இன்னும் உயரத் தூக்கிக் காட்டினேன். கண்ணைச் சுருக்கி, ஏதோ கெட்ட வாடை வந்ததுபோல முகத்தைச் சுளித்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பக்கத்தில் நின்ற போர்ட்டர் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

சரி. டெலிபோனில் பெரிய பெரிய ஆபீசர்களோடு பேசுகிறவளுக்குக் கிரீஸ் சட்டைக்காரன் எதற்கு?

28 அக்டோபர்

காலையில் ஒன்றும் நடக்காததுபோலச் சிரித்துக்கொண்டு வந்து நின்றாள். ஃபிளாஸ்கில் காப்பி வேறு. குடித்தேன். கோபம் இருந்தது, காப்பியும் நன்றாகத்தான் இருந்தது.

ஒரு சங்கடத்தைக் குறித்து வைக்கிறேன். அவளை ‘நீ’ என்பதா, ‘நீங்க’ என்பதா என்று எனக்குத் தெரியவில்லை. சிநேகிதனுடைய தங்கை என்றால் ‘நீ’. உத்தியோகம் பார்க்கிற பெண் என்றால் ‘நீங்க’. ஆகவே இரண்டும் வராமல் பேசுகிறேன். “எவ்வளவு வந்தது?” “வாட்சுக்குச் சாவி குடுத்தாச்சா?” “காப்பி சூடா இருக்கு.” பதினைந்து நாளாக இப்படியே ஓட்டிவருகிறேன். அவள் கவனித்திருக்க மாட்டாள்.

நேரம்: 10.5.

2 நவம்பர்

கல்லறைத் திருநாள். செபஸ்தியான் குடும்பத்தோடு போனேன். அம்மா சவரியம்மாள் மாலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். பிரகாசி மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டு, பொழுது சாய்ந்த மங்கலில் போய், அப்பா கல்லறைக்கு அடுத்த கல்லறையில் வைத்து முழந்தாளிட்டுவிட்டாள். யாரோ ஒரு வெள்ளைக்கார டிரைவர், 1911-இல் செத்தவர். சவரியம்மாள் பதறிப்போய் முழங்கையைப் பிடித்து இழுத்து, நாலு பக்கமும் பார்த்தார். பாவம், அப்பா நினைப்பில் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை போலிருக்கிறது. அவள் கண் கலங்கியிருந்தது. என் கைக்குட்டையைக் கொடுக்கலாமா என்று யோசிப்பதற்குள் எல்லோரும் நடக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அந்தக் கைக்குட்டை துவைத்ததுதான்.

15 நவம்பர், ஞாயிறு

வலது கால் பாடம் பலிக்கிறது. அவள் கோட்டில் நின்று கண்ணை மூடிக்கொண்டு, காதால் கேட்டுச் சொல்கிறாள்: “இப்ப ரெண்டும் ஒண்ணா விழுது. நாப்பது கெஜத்துக்கு மேலதான் மறுபடி வலது கனக்குது.” நாற்பது கெஜத்தில் நான் நிமிர்வது உண்மை. கண்ணை மூடிக்கொண்டு என் ஓட்டத்தைப் பார்க்கிறாள். நான் கண்ணைத் திறந்துகொண்டு என்னத்தைப் பார்த்தேன், பத்து வருஷமாக?

நேரம்: 10.3.

22 நவம்பர்

ஓடவில்லை, தொடை பிடித்திருந்தது. மைதானத்துக்கு அந்தப் பக்கம் தண்டவாளத்தில் கேங்மேன்கள் ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். சுத்தியல் விழுவது கண்ணுக்குத் தெரிகிறது; அது மறுபடி மேலே போன பிறகுதான் ‘டங்’ என்று இங்கே வந்து சேர்கிறது. இதை வெகுநேரம் வேடிக்கை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இன்று அவளுக்குப் பகல் டியூட்டி.

6 டிசம்பர், ஞாயிறு

10.0.

மறுபடி எழுதுகிறேன். 10.0.

மெஸ் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது, போகவில்லை. குழியிலிருந்து எழுந்தபோதே தெரியும். நாற்பது கெஜத்தில் நிமிரவில்லை. நூல் மார்பில் பட்டது. வாட்சை வாங்கிப் பார்த்தேன். முள் பத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. மைதானத்தில் குதித்தேன், செபஸ்தியானைத் தூக்கிச் சுற்றினேன். ஸ்பைக் ஷூவோடு அவன் காலை மிதித்துவிட்டேன். அவனும் அழுதான், சந்தோஷமா, ஆணியா, தெரியாது.

பிரகாசி மட்டும் குதிக்கவில்லை. “நூறு கெஜம் சரியா அளந்ததுதானா?” என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. அளவெடுப்பதில் என்னையா சந்தேகப்படுவது? ஸ்டீல் டேப் வைத்து மூன்று முறை அளந்த மைதானம் இது.

“இன்னொரு தடவ ஓடிப் பாக்கலாமே” என்றாள்.

“பத்து பத்துதான்” என்று சொல்லிவிட்டேன்.

வாட்சைத் துணியில் சுற்றிக்கொண்டு போனாள். மனுஷர் சந்தோஷப்பட்டால் சிலருக்கு ஆகாது.

13 டிசம்பர், ஞாயிறு

பிரகாசியின் பெயர்கொண்ட திருநாள். அர்ச். லூசியம்மாளைத்தான் நம் ஆட்கள் பிரகாசி என்று தமிழாக்கிக்கொண்டார்கள். கண்ணுக்குப் பாதுகாவலியான புனிதை. பூசை முடிந்ததும் சவரியம்மாள் முந்தானையிலிருந்து இரண்டு வெள்ளிக் கண்களை எடுத்துச் சுரூபத்தின் பாதத்தில் காணிக்கையாக வைத்து வெகுநேரம் வேண்டினார். அந்த அம்மாளுக்கு வயதாகிறது. புரை விழ ஆரம்பித்திருக்கிறது போலிருக்கிறது. ரயில்வே ஆஸ்பத்திரியில் காட்டலாமே என்று செபஸ்தியானிடம் சொன்னேன். அவன் பேச்சை மாற்றினான்.

நேரம்: 10.1, 10.0.

20 டிசம்பர், ஞாயிறு

பிரகாசிக்கு வரன். மதுரையில் போஸ்டாபீஸ் வேலை. ஜனவரி கடைசி ஞாயிறு பெண் பார்க்க வருகிறார்கள். பிடித்துப்போனால் பிப்ரவரியில் கோயிலில் மூன்று ஞாயிறு பெயர்களைச் சொல்லி ஓலை வாசித்து, கல்யாணம் கூடாத தவசு காலம் பிறப்பதற்குள் தாலி கட்டிவிட வேண்டும் என்கிறார் சவரியம்மாள்.

செபஸ்தியான் இதைச் சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தான்.

“நல்ல விஷயந்தானே மாப்ளே” என்றேன்.

“நல்ல விஷயந்தான்” என்றான்.

மதுரையில் நல்ல மைதானம் இருக்கிறதா என்று தெரியவில்லை. இருந்தால் மட்டும் என்ன, அங்கே யார் ஓடப்போகிறார்கள்?

நேரம்: 10.2. கால் கனம்.

25 டிசம்பர்

செபஸ்தியான் வீட்டில் சாப்பாடு. முறுக்கும் கல்கண்டு சாதமும் தந்தார்கள். சவரியம்மாள் அடுப்படியில் இருந்தார், செபஸ்தியான் தண்ணீர் எடுக்கப் போயிருந்தான். பிரகாசி தட்டை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

“மெட்ராஸ்ல பத்து வந்தா என்ன செய்வீங்க?”

“ஒருத்தர்கிட்ட ஒண்ணு கேக்கணும்.”

“யார்கிட்ட?”

“வந்தப்புறம் சொல்றேன்.”

“வராட்டி?”

“வராட்டி கேக்கிற யோக்கியதை இல்லன்னு அர்த்தம்.”

இதைச் சொன்னபோது ரொம்பக் கம்பீரமாக இருப்பதாக எனக்குப் பட்டது. அவள் முகம் வெளுத்துப்போனது. “அப்படியெல்லாம் சொல்லாதீங்க. நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அந்த வாட்சு...” என்று ஆரம்பித்தாள். அதற்குள் அம்மா கூப்பிட்டுவிட்டார். சட்டினி தாளிக்க வேண்டுமாம்.

வாட்சைச் சென்னைக்குக் கொண்டுபோகச் சொல்ல வந்திருப்பாள். அங்கே அவர்களே வைத்திருப்பார்கள்.

பத்து வந்துவிட்டால் பத்தாந்தேதியே தந்தி அடித்துவிடலாம். மதுரைக்காரர்கள் வருவதற்கு அதற்கப்புறம் மூன்று வாரம் இருக்கிறது.

9 ஜனவரி 1954, சென்னை

தகுதி ஓட்டம். இரண்டாவதாக வந்தேன். 10.4.

மைதானம் புதிது, அதனால்தான். நாளைக்குப் பத்து.

10 ஜனவரி, ஞாயிறு

மூன்றாவது. 10.3.

நன்றாக ஓடினேன். அதுதான் கொடுமை. கால் வழுக்கியிருந்தால், புறப்பாடு பிந்தியிருந்தால் சாக்குச் சொல்லலாம். வாழ்நாளில் இப்படி ஓடியதில்லை. இரண்டு கால்களும் ஒன்றாக விழுந்தன; எனக்கே கேட்டது. முதல் ஆள் 10.1, இரண்டாம் ஆள் 10.2. நான் யாருக்கும் வேண்டாத மூன்றாவது.

நேரம் பிடிக்கிறவர்கள் ஏணிப்படி மாதிரி ஒரு பலகையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நேரே போய், “சார், வாட்ச்ல ஏதோ தப்பு. எனக்கு ஊர்ல பத்து வந்திருக்கு” என்றேன்.

வழுக்கைத் தலையர் ஒருவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். “மூணு வாட்சும் தப்பாய்யா? ஊர்ல உனக்கு எப்படிப் பிடிச்சாங்க? பொகையப் பாத்து அழுத்துனாங்களா, சத்தத்தக் கேட்டு அழுத்துனாங்களா?”

“பலகை சார். துப்பாக்கி கிடையாது.”

“ஏதோ ஒண்ணு. பலகை மூடுறதக் கண்ணால பாத்து அழுத்தணும். சத்தம் நூறு கெஜம் நடந்து வர்றதுக்குள்ள நீ மூணு கெஜம் ஓடியிருப்பே. சத்தத்தக் கேட்டுப் பிடிச்சா எங்க தாத்தாவும் ஈவன் டைம்தான்யா.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

11 ஜனவரி, ரயிலில்

கணக்குப் போட்டேன். நூறு கெஜம் முந்நூறு அடி. சத்தம் விநாடிக்கு ஆயிரத்து நூறு அடி போகும். முந்நூறை ஆயிரத்து நூறால் வகுத்தால், பத்தில் மூன்றுக்குக் கொஞ்சம் குறைவு.

10.0 கூட்டல் 0.3.

நான் பத்தில் ஓடவே இல்லை, ஒரு தடவைகூட. டிசம்பர் ஆறாந்தேதி மைதானத்தில் ஒரு முட்டாள் குதித்தான், அவ்வளவுதான்.

கார்டு வீட்டுப் பெண்ணுக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா? அப்பா ஆயுசெல்லாம் வாட்ச் பிடித்தவர். ஒருவேளை பராக்குப் பார்த்துக்கொண்டு நின்றாளோ என்னவோ! நான் உயிரைக் கொடுத்து ஓட, அங்கே காக்கா குருவியைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். நான் கை காட்டினாலும் பார்க்க மாட்டாள், ஓடி வந்தாலும் பார்க்க மாட்டாள்.

விழுப்புரத்தில் டீ. வாயில் வைக்க முடியவில்லை.

13 ஜனவரி

காலில் சுளுக்கு என்று செபஸ்தியானிடம் சொல்லிவிட்டேன். மைதானத்துக்குப் போகவில்லை.

14 ஜனவரி

சுளுக்கு.

17 ஜனவரி

சுளுக்கு. சுளுக்குக்குத் தடவச் சொல்லி அவர்கள் வீட்டிலிருந்து ஒரு சீசாவில் எண்ணெய் வந்தது. அப்படியே வைத்திருக்கிறேன். மூடியைத் திறந்தால் வாசனை வரும்.

22 ஜனவரி

லேத்தில் வேலை ஓடவில்லை. ஒரு புஷ் வளையத்தை ஆயிரத்தில் நாலு பங்கு அதிகமாகக் கடைந்து வீணடித்தேன். சார்ஜ்மேன் ஆச்சரியத்தோடு பார்த்தார். சாப்பாட்டுச் சங்கு ஊதியதும் செபஸ்தியானைத் தண்ணீர் டாங்குக்குப் பின்னால் கூட்டிப் போய்க் கேட்டுவிட்டேன்.

“ஒழுங்காச் சொல்லு. நீ பலகை தட்டுறத ஒன் தங்கச்சி பாத்து அழுத்துச்சா, கேட்டு அழுத்துச்சா?”

அவன் சாப்பாட்டுத் தூக்கைக் கீழே வைத்தான்.

“எப்படிடா பாக்கும்?” என்றான். “அதுக்குப் பத்துப் பன்னெண்டு கெஜத்துக்கு மேல ஒண்ணுந் தெரியாதுடா. எட்டாங் கிளாஸ்லருந்தே அப்படித்தான். அப்பா கண்ணாடி வாங்கிக் குடுத்தாரு. அவரு போனதும் அம்மா டிரங்குப் பெட்டியில வச்சுப் பூட்டிட்டாங்க. கண்ணாடி போட்ட பொண்ண எவன் கட்டுவான், தாலி ஏறட்டும், அப்புறம் போட்டுக்கன்னுட்டாங்க. பலகைக்கு வெள்ளை அடிச்சாத் தெரியும்னுச்சு. நானும் நம்பிட்டேன்.”

சங்கு ஊதிவிட்டது. நான் அங்கேயே நின்றேன்.

மூன்றாம் பிளாட்பாரம். என் முகத்தை நேராகப் பார்த்தாள் என்று எழுதியிருக்கிறேன். பார்த்திருக்கிறாள், என்னைத்தான் பார்த்திருக்கவில்லை. எதிரில் ஏதோ அசைகிறதே என்று கண்ணைச் சுருக்கியிருக்கிறாள். அதைத்தான் வாடை என்றேன். அந்த வெள்ளைக்கார டிரைவர் கல்லறை. அந்த வெள்ளிக் கண்கள். கையில் பிடித்த நூல்.

இந்த நோட்டை முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். எல்லாம் நானே என் கையால் எழுதியது. எழுதியவனுக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை. அவளுக்காவது பன்னிரண்டு கெஜம் தெரியும்.

24 ஜனவரி, ஞாயிறு

பூசையில் அவள் பெண்கள் பக்கம், நாலாவது வரிசை. நான் தூண் ஓரம். நடுவே முப்பது கெஜம் இருக்கும். முழுப் பூசையும் அவளைப் பார்த்தேன். பார்ப்பது அவளுக்குத் தெரியாது என்ற தைரியத்தில் பார்த்தேன், பிறகு அதற்காகவே வெட்கப்பட்டேன். எனக்கு அவள் வேண்டும். இதை எழுத மூன்றரை மாதம் ஆகியிருக்கிறது.

பத்து வரவில்லை. வராவிட்டால் யோக்கியதை இல்லை என்று நானே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். வருகிற ஞாயிறு மதுரைக்காரர்கள்.

29 ஜனவரி

செபஸ்தியானிடம் சொன்னேன்: “நாளைக்குக் காலையில வாட்ச எடுத்துட்டு ஒன் தங்கச்சியக் கூட்டிட்டு வா. கடைசி ஓட்டம்.”

“சுளுக்கு?”

“போயிருச்சு.”

30 ஜனவரி, சனி

ஆறரை மணி. பனி விலகிக்கொண்டிருந்தது. அவள் வழக்கம்போல் முடிவுக் கோட்டில் செருப்பை விட்டுவிட்டு, வெறுங்காலோடு சுண்ணாம்புக் கோட்டில் நின்றாள். நூலைக் கையில் பிடித்தாள். செபஸ்தியானைப் பலகை வேண்டாம் என்று சொல்லிக் கேட்டுக்கு வெளியே அனுப்பிவிட்டேன்.

நான் புறப்பாட்டுக் கோட்டில் நின்றேன். குழி தோண்டவில்லை. கையைத் தூக்கி ஆட்டினேன். அவள் என் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டைவிரல் வாட்ச் மேல். சத்தத்துக்காகக் காத்திருந்தாள்.

நடக்க ஆரம்பித்தேன், கையை ஆட்டிக்கொண்டே. இந்த நூறு கெஜத்தை நான் நடந்து பார்த்ததே இல்லை. நாற்பதில் ஒரு சிறு பள்ளம் இருக்கிறது, இத்தனை நாள் தெரியாது. எழுபதில் அவள் தலையைச் சாய்த்தாள்; காலடி கேட்டிருக்கும். எண்பது. எண்பத்தைந்து. கை வலித்தது. எண்பத்தெட்டாவது கெஜத்தில் அவள் முகத்தில் சட்டென்று ஒரு வெளிச்சம். வாட்ச் பிடித்த கை தானாக மேலே வந்தது. பதிலுக்கு அசைத்தாள்.

“நீங்களா? ஓடலையா? நடை வேற மாதிரி இருந்துச்சு, யாரோன்னு நெனச்சேன்.”

“நடந்துதான் வந்தேன்.”

“சுளுக்கு இன்னும் போகலையா?”

“சுளுக்கே இல்ல. பொய்.”

அவள் நூலை விரலில் சுற்றினாள், பிரித்தாள். “நானும் ஒரு பொய் சொல்லிட்டேன். கண்ணால பாத்துத்தான் அழுத்தணும்னு அப்பா எனக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க. தெரியாம செய்யல. வெள்ளை அடிச்சும் அந்த மூலையில எனக்கு ஒண்ணும் தெரியல. பனிமூட்டம் மாதிரி இருந்துச்சு. சத்தம் மட்டும் நல்லாக் கேட்டுச்சு. சொன்னா வேற ஆளப் பாத்துக்குவீங்க, காலையில நான் இங்க வர வேண்டியிருக்காது. அதான் சொல்லல. நீங்க பத்துன்னு குதிச்சீங்க பாருங்க, அன்னைக்கு வீட்ல போய் அழுதேன். கிறிஸ்மஸ் அன்னைக்குச் சொல்ல வந்தேன். அதுக்குள்ள சட்டினி.”

“அந்தச் சட்டினி நல்லாத்தான் இருந்துச்சு.”

அவள் சிரிக்கவில்லை. “பத்து வந்தாத்தான் கேப்பேன்னீங்க.”

“வரல. இனிமே வரவும் வராது.”

“என்னாலதான்.”

“இல்ல. 10.3 வந்ததே அந்தக் காதாலதான். இல்லன்னா இந்த வருஷமும் 10.7தான்.”

கேட்டுக்கு வெளியே செபஸ்தியான் எதையோ மும்முரமாகப் பார்ப்பதுபோல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். எங்களுக்கு நடுவே இன்னும் பன்னிரண்டு கெஜம் இருந்தது. நான் கிட்டே போகப் போனேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“அங்கயே நின்னு கேளுங்க. இங்கருந்து உங்க முகம் நல்லாத் தெரியுது.”

கேட்டேன். என்ன வார்த்தைகளில் கேட்டேன் என்று எழுதப்போவதில்லை. இது ஓட்ட நோட்டு. ஆனால் ‘உன்னை’ என்றுதான் ஆரம்பித்தேன்.

“அப்பாடா” என்றாள். “மூணு மாசமா, நீயும் இல்லாம நீங்களும் இல்லாம எப்படித்தான் பேசுறாருன்னு பாத்துக்கிட்டிருந்தேன்.”

பதில் நாளைக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

31 ஜனவரி, ஞாயிறு

செபஸ்தியான் வந்து சொன்னது: மதுரைக்காரர்கள் ஆறு பேர் வந்தார்கள். பிரகாசி தலை சீவி, பூ வைத்து, காப்பித் தட்டோடு வந்தாள். மூக்கின்மேல் கண்ணாடி. டிரங்குப் பெட்டியின் பூட்டை அவளே திறந்து எடுத்திருக்கிறாள். சவரியம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டாராம். வந்தவர்கள் கேசரியை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டு, ஊருக்குப் போய் எழுதுகிறோம் என்றார்களாம். எழுத மாட்டார்கள்.

2 பிப்ரவரி

சவரியம்மாளைப் போய்ப் பார்த்தேன். முகம் கொடுத்துப் பேசவில்லை. முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டார்: “கண்ணாடி போடச் சொன்னது நீதானாய்யா?”

“இல்லம்மா. எனக்குத் தெரியாது.”

“ஊரு சிரிக்குமேய்யா. நாளைக்கு நீயும் சொல்லிக் காட்ட மாட்டியே?”

“நான் கை காட்டினா அதுக்குத் தெரியணும்மா. எனக்கு வேறொண்ணும் வேணாம்.”

அவருக்குப் புரியவில்லை. ஆனால் முறத்தைக் கீழே வைத்தார். வடுகர்பேட்டையில் இருக்கும் என் அப்பாவுக்கு வரச்சொல்லி எழுதச் சொன்னார்.

6 பிப்ரவரி

அவள் கண்ணாடியோடு கோட்டில் நின்றாள். செபஸ்தியான் பலகை தட்டினான். பார்த்து அழுத்தினாள்.

நேரம்: 10.5. நல்ல ஆள் கிடைத்தாள் எனக்கு.

ராத்திரி ஸ்பைக் ஷூவுக்கு எண்ணெய் போட்டுத் துணியில் சுற்றி வைத்தேன். வைப்பதற்கு முன் கொஞ்சநேரம் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தேன். பத்து என்ற எண்ணை இனி எங்கே பார்த்தாலும் எனக்கு வலிக்கும் என்று நினைக்கிறேன். வலிக்கட்டும்.

7 பிப்ரவரி, ஞாயிறு

முதல் ஓலை. பிரசங்கம் முடிந்ததும் சாமியார் வாசித்தார்: வடுகர்பேட்டை சவரிமுத்து மகன் இஞ்ஞாசிமுத்துவுக்கும், பொன்மலை காலஞ்சென்ற கார்டு அருளப்பன் மகள் பிரகாசிக்கும். தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும் என்றார். ஒரு குழந்தை மட்டும் அழுதது.

பூசை முடிந்து வெளியே கூட்டம். நான் ஆண்கள் வாசலில் வந்தேன். பெண்கள் வாசல் அந்தக் கோடியில். நடுவே முழு மைதானம், கொடிமரம், நூறு கெஜத்துக்குக் குறையாது. அங்கே படியில் கண்ணாடி போட்ட ஒருத்தி நின்று, முக்காட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறுகையை உயரத் தூக்கி ஆட்டினாள். யாருக்கோ காட்டுகிறாள் என்று நான் திரும்பிப் பார்த்தேன். என் பின்னால் சுவர்தான் இருந்தது.

அக்டோபர் மாதம் மூன்றாம் பிளாட்பாரத்தைப் பார்த்து நான் காட்டிய கைக்கு இன்றுதான் பதில் வந்தது.

ஓட்டம் இல்லை.